ஓடினால் அறை உங்களுக்கு

பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கிக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுகிறவருக்கு முகம் தேவையில்லை, குரல் போதும். அந்தக் குரலுக்கு ஊர்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர் ‘வருந்துகிறோம்’. வண்டி தாமதமானால் “தாமதத்துக்கு வருந்துகிறோம்” என்று சொல்வது அவர் வேலை. வண்டி தாமதமாகாத நாள் என்று ஒன்று அவருடைய பணிக்காலத்தில் இதுவரை வரவில்லை. முடிவெட்டும் கடைக்குப் போனாலும் “வாங்க வருந்துகிறோம், உக்காருங்க” என்றுதான் துண்டைப் போர்த்துவார்கள். அவரும் உட்காருவார்.

ஆள் ஒல்லி, குரல் தடி. இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க நேர்ந்தவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். வீட்டிலும் அவருக்குப் பேச்சு அதே பாணியில்தான் வரும். காலையில் குளியலறைக் கதவைத் தட்டி, “உள்ளே இருப்பவர்கள் உடனடியாக வெளியேறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்” என்பார். உள்ளே இருப்பது அவர் மகள். “கேட்டுக்கிட்டாச்சு, போங்கப்பா” என்று பதில் வரும்.

ஊரிலுள்ள அத்தனை வண்டிகளையும் வாயாலேயே புறப்பட வைத்த இந்த மனிதரின் சொந்த வண்டி புறப்பட்டு யுகங்கள் ஆகின்றன. இளவயதில் வாங்கிய மோட்டார் சைக்கிள். ஒரு மழை நாளில், மழை விட்டதும் எடுக்கலாம் என்று பின்னறையில் நிறுத்தினார். மழை விட்டது. அதற்கடுத்த மழையும் விட்டது. அதற்குள் நிலையத்தில் ஊழியர்களுக்கு இலவச பஸ் பாஸ் கொடுத்துவிட்டார்கள். பிறகு ஏதோ ஒரு விடுமுறையில், சும்மா துடைத்து வைக்கலாம் என்று இன்ஜினைக் கழற்றினார். கழற்றும்போது இருந்த உற்சாகம் மாட்டும்போது இருப்பதில்லை என்பது உலகத்துக்கே தெரிந்த விஷயம். இன்ஜின் பின்னறைத் தரையில் ஒரு பழைய கதவுப் பலகை மேல் உட்கார்ந்தது. மிச்ச வண்டி கொல்லைச் சுவரில் சாய்ந்தது. வெறும் ஃபிரேமும் இரண்டு சக்கரமும்தானே என்று நினைத்ததோ என்னவோ, பக்கத்திலிருந்த கொடி ஒன்று அதன் மேல் ஏறி ஹேண்டில்பாரில் பூத்தது.

பின்னறை நீளமானது. ஒரு கதவு வீட்டுக்குள், ஒரு கதவு கொல்லைக்கு. வேலை முடிந்து வந்ததும் வருந்துகிறோம் டீயைக் குடித்துவிட்டு அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கவிழ்த்துப் போட்ட பக்கெட் மேல் உட்கார்ந்து, கையில் ஸ்பேனரோடு இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருப்பார். பகல் முழுக்கப் பேசுகிறவருக்கு, யாரும் எதுவும் கேட்காத, தானும் எதுவும் சொல்லத் தேவையில்லாத இடம் உலகத்தில் அது ஒன்றுதான். ஸ்பேனரை அவர் கீழே வைப்பதில்லை. கையில் ஸ்பேனர் இருக்கும் மனிதனை யாரும் கடைக்குப் போகச் சொல்வதில்லை என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை.

அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது.

அவர் மனைவி தையல்காரி. முன்னறையில் காலால் மிதிக்கிற மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு ரவிக்கை, உறை, திரைச்சீலை என்று தைப்பவர். ஊரில் புதிதாகக் கட்டிய லாட்ஜ் ஒன்றுக்கு எல்லா ஜன்னல்களுக்கும் திரை தைக்கிற பெரிய ஆர்டர் அவருக்குக் கிடைத்தது. திரைத்துணியை மடிக்காமல் விரித்து வெட்ட நீளமான மேசை வேண்டும். நீளமான மேசை போட நீளமான அறை வேண்டும். வீட்டில் அப்படி இருப்பது ஒன்றே ஒன்று.

“ஏங்க, திங்கக்கிழமை துணி வருது. பின் ரூமை ஒழிச்சுக் கொடுங்க.”

“அங்க இன்ஜின் இருக்கு.”

“இருக்கு. வாடகை எதுவும் கொடுக்குதா?”

“வேலை நடந்துக்கிட்டு இருக்கும்மா.”

“என்ன வேலை? நேத்துக் கதவு இடுக்கு வழியாப் பார்த்தேன். நீங்க அதைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. அது உங்களைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு.”

“யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.”

“கொட்டாவி விட்டுக்கிட்டா?”

வருந்துகிறோம் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். “இன்னும் சின்னச் சின்ன வேலைதான் பாக்கி. ஓட வெச்சுக் காட்டறேன்.”

“காட்டுங்க. அது மட்டும் ஓடிடுச்சுன்னா அந்த ரூமை நான் ஜென்மத்துக்கும் கேக்க மாட்டேன்.”

“இதை அப்படியே உங்க அண்ணன்கிட்டச் சொல்லு.”

“எனக்கென்ன பயமா? போனைப் போடுங்க.”

இந்த வீட்டில் எந்தச் சண்டையும் மனைவியின் அண்ணன் தீர்ப்புச் சொல்லாமல் முடியாது. அவர் கால்பந்து நடுவராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து ஊரில் தனியாக இருக்கிறார். எல்லோருக்கும் அவர் ரெஃப்ரி. மைதானத்தை விட்டு வந்தாலும் மைதானம் அவரை விடவில்லை. கழுத்தில் விசில், சட்டைப் பையில் மஞ்சள் அட்டை. மின்விசிறியை எந்த வேகத்தில் வைப்பது, கட்டிலில் யார் சுவர்ப்பக்கம் படுப்பது என்பதெல்லாம் அவர் தீர்ப்பால் முடிவானவை. ஒரு தடவை விருந்துக்கு வந்தபோது, மாப்பிள்ளை மூன்றாம் முறை பாயசம் கேட்டதற்கு மஞ்சள் அட்டை காட்டியிருக்கிறார். அவருடைய விதி ஒன்றே ஒன்று: தன் கண்ணால் பார்க்காத எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

போனில் கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் பேசியதால் முதலில் அங்கிருந்து விசில் வந்தது. பிறகு தீர்ப்பு வந்தது.

“ஞாயித்துக்கிழமை காலைல வர்றேன். என் கண்ணு முன்னாடி இன்ஜின் ஓடினா ரூம் மாப்ளைக்கு. ஓடலைன்னா ரூம் தங்கச்சிக்கு, இன்ஜின் காயலான் கடைக்கு. யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?”

“இருந்தா?” என்றார் வருந்துகிறோம்.

“மஞ்சள் அட்டை மாப்ளே.”

மறுநாளே வருந்துகிறோம் ஒரு வாரம் லீவு கேட்டார். நிலைய மேலாளருக்கு அதிர்ச்சி.

“ஏன், உடம்பு சரியில்லையா?”

“இன்ஜின் சரியில்ல சார்.”

“நம்ம பஸ் ஒண்ணுக்குமே சரியில்ல. அதுக்காக லீவா?”

கடைசியில், அவர் குரலை ஒரு தடவை பதிவு செய்து கொடுத்துவிட்டுப் போகலாம் என்று முடிவானது. ஊர்ப் பெயர்களை எல்லாம் ஒரு மூச்சில் சொல்லி, கடைசியில் வருத்தமும் தெரிவித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். எந்த வண்டியும் நேரத்துக்கு வராது என்பதால் ஒரே பதிவு எல்லாவற்றுக்கும் பொருந்தியது.

முதல் சிக்கல் பிஸ்டன். சிலிண்டருக்குள் துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. கிக்கரை மிதித்தால் கிக்கர் இறங்காது, மிதித்தவர்தான் மேலே எழும்புவார். இப்படிப் பலமுறை எழும்பிவிட்டு, பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக எண்ணெய் விட்டு ஊற வைப்பது என்று தீர்மானித்தார். நல்ல தீர்மானம்தான். ஆனால் எண்ணெய் கடையில் இருந்தது. கடைக்குப் போக ஸ்பேனரைக் கீழே வைக்க வேண்டும். முன்னறையில், கையெட்டும் தூரத்தில், தையல் மெஷின் எண்ணெய் இருந்தது.

இரண்டு நாளில் முன்னறை மெஷின் கத்த ஆரம்பித்தது.

“ஏங்க, எண்ணெய் டப்பா எங்க?”

“எந்த எண்ணெய்?”

“உங்க சட்டைக் கையில வாசனை வருதே, அந்த எண்ணெய்.”

“அதுவா... முழங்கால் வலிம்மா. தேய்ச்சுக்கிட்டேன்.”

“மெஷின் எண்ணெயையா?”

“அதுவும் மூட்டு, இதுவும் மூட்டுதானே.”

அன்றே டப்பா பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. அதற்கு மேல் பிஸ்டனுக்குக் கிடைத்தது மகள் தலைக்குத் தேய்க்கிற ரோஜா வாசனை எண்ணெய். அறை முழுக்கக் கல்யாண மண்டபம்போல மணந்தது. கொல்லைப் பக்கம் போன பூனை ஒன்று உள்ளே எட்டிப் பார்த்து, குழம்பிப் போய்த் திரும்பியது.

ஆனால் வேலை நடந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். சிலிண்டரின் மேல்மூடியைக் கழற்றி, பிஸ்டன் தலையில் ஒரு மரக்கட்டையை வைத்து, தூங்கும் குழந்தையை எழுப்புவதுபோல விடாமல் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் ‘டுப்’ என்று ஒரு சத்தம். பிஸ்டன் நகக்கண் அளவுக்கு இறங்கியிருந்தது. ஸ்பேனரை முதன்முறையாகக் கீழே போட்டுவிட்டு முன்னறைக்கு ஓடிவந்தார்.

“பிஸ்டன் தற்போது நகர்ந்துகொண்டிருக்கிறது.”

மனைவி ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னார். “தகவலுக்கு நன்றி. கதவைச் சாத்திட்டுப் போங்க, ரோஜா வாசனை துணில ஏறுது.”

அடுத்து கார்புரேட்டர். அதற்குள் ஜெட் என்று ஒரு சின்னப் பித்தளைத் துண்டு உண்டு. அதிலுள்ள முடி நுழைகிற ஓட்டை வழியாகத்தான் பெட்ரோல் இன்ஜினுக்குப் போக வேண்டும். பழைய பெட்ரோல் காய்ந்து பிசினாகி அதை அடைத்துவிட்டிருந்தது. ஊசியை விட்டுக் குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும். இங்கேதான் மகள் களத்தில் இறங்கினாள். அவள் பல் மருத்துவமனையில் டாக்டருக்கு உதவியாளர். அங்கே கழித்துப் போட்ட, பல்லின் வேருக்குள் விடுகிற மெல்லிய அரங்கள், ஒரு சின்னக் கண்ணாடி, நெற்றியில் கட்டுகிற விளக்கு எல்லாவற்றோடும் வந்தாள். மேசை மேல் வெள்ளைத் துணி விரித்துக் கார்புரேட்டரைக் கிடத்தினாள்.

“எத்தனை நாளா இந்த வலி?”

“விளையாடாதே, கழண்டுடப் போகுது.”

“பேஷண்டைக் கேட்டேன். நீங்க வெளில உக்காருங்கப்பா, கூட வந்தவங்க உள்ள இருக்கக் கூடாது.”

அவர் வெளியே உட்கார்ந்தார். உள்ளேயிருந்து, “கொஞ்சம் கூசும், பொறுத்துக்கோ”, “வாயை நல்லாத் திற” என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துக் காட்டினாள். ஓட்டை வழியாக ஒரு துளி வானம் தெரிந்தது.

“சூடா எதுவும் கொடுக்காதீங்க. கடினமானதைக் கடிக்க விடாதீங்க. மறுபடி வலிச்சா கூட்டிட்டு வாங்க.”

மின்பொறி வருகிறதா என்று பார்ப்பதுதான் மிச்சம். பொறிக்கான மின்சாரத்தைத் தொட்டுத் தொட்டு விடுகிற காண்டாக்ட் பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். பிளக்கை சிலிண்டர் மேல் வைத்துக் கிக்கரை மிதித்தால் முனையில் நீலமாகப் பொறி தெரிய வேண்டும். அவர் பிளக்கைக் கையால் பிடித்துக்கொண்டு மகளை மிதிக்கச் சொன்னார். அவள் மிதித்தாள். வீடு முழுக்க ஒரு சத்தம் கேட்டது. ஒலிபெருக்கி இல்லாமல் அவரால் அந்த அளவுக்குச் சத்தம் போட முடியும் என்று அன்றுவரை யாருக்கும் தெரியாது.

“ஸ்பார்க் வந்துச்சாப்பா? எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“வருது.”

“எப்படிச் சொல்றீங்க?”

“வருதும்மா.”

ஞாயிற்றுக்கிழமை காலை. கதவுப் பலகையில் போல்ட் போட்டு இறுக்கிய இன்ஜினைப் பலகையோடு இழுத்துக் கொல்லைக் கதவை ஒட்டி வைத்தார்கள், புகை வெளியே போக வேண்டுமே என்று. அடியை வெட்டிய ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலை மகள் மருத்துவமனைப் பழக்கத்தில் ஜன்னல் கம்பியில் தலைகீழாகக் கட்டி, குழாய் விட்டு, கார்புரேட்டரில் சொருகி, எண்ணெய் கலந்த பெட்ரோலை மேலே ஊற்றினாள். பார்ப்பதற்கு இன்ஜின் ரொம்ப முடியாமல் கிடப்பதுபோல இருந்தது. ரெஃப்ரியின் பஸ் வர இன்னும் நேரமிருந்தது. சும்மா ஒரு ஒத்திகை பார்க்கலாம் என்று வருந்துகிறோம் கிக்கர் மேல் காலை வைத்தார்.

“பயணிகளின் கனிவான கவனத்துக்கு,” என்று தொடங்கி, “புறப்படத் தயாராக உள்ளது” என்று முடித்து மிதித்தார். ஒன்றுமில்லை. மறுபடி அறிவித்தார், மறுபடி மிதித்தார். ஒரு தும்மல் வந்தது. இன்ஜினா மகளா என்று தெரியவில்லை. அறிவிப்பை விட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு ஒரே மிதி.

வெடித்தது. முதலில் ரோஜா வாசனையில் ஒரு வெள்ளைப் புகை. அதற்குள்ளிருந்து ‘டர்ர்ர்’ என்று, யாரோ தகரக் கூரை மேல் கூழாங்கல்லைக் கொட்டிக்கொண்டே இருப்பதுபோல ஒரு சத்தம். பலகை தரையில் தாளம் போட்டது. சுவரிலிருந்த காலண்டர் கழன்று விழுந்தது. அவர் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றார். தொடங்குவது வரைதான் அவர் திட்டம் போட்டிருந்தார். தொடங்கிவிட்டால் என்ன செய்வது என்பது அவர் யோசனையில் வந்ததே இல்லை.

“நிறுத்திடுங்கப்பா,” என்று மகள் காதருகே கத்தினாள். “மாமா வந்ததும் மறுபடி ஸ்டார்ட் பண்ணிக்கலாம்.”

“மறுபடி ஆகலைன்னா?”

ஆகவே, இன்ஜினை நிறுத்துவதில்லை, ரெஃப்ரி வந்து கண்ணால் பார்க்கும்வரை ஓடவிடுவது என்று அவர் முடிவு செய்தார். கால் மேல் கால் போட்டு ரசிக்கவும் முடியவில்லை, பக்கத்தைவிட்டு நகரவும் முடியவில்லை. சத்தம் கொஞ்சம் தாழ்ந்தால் இவர் முகம் தாழும், சத்தம் ஏறினால் புருவம் ஏறும்.

நின்ற இடத்திலேயே ஓடுகிற இன்ஜின் சூடேறும், காற்று வேண்டும். கேட்காமலே மனைவி மேசை விசிறியைக் கொண்டுவந்து வைத்தார். வருந்துகிறோமுக்குக் கண் கலங்கிவிட்டது.

“உனக்கு எவ்வளவு பெரிய மனசு.”

“புகை என் துணிப்பக்கம் வருது. அதைத் திருப்பிவிடத்தான் வெச்சேன். குறுக்க நிக்காதீங்க.”

பஸ் வர வேண்டிய நேரம் வந்தது. பஸ் வரவில்லை. ரெஃப்ரிக்குப் போன் போட்டால் அணைத்து வைத்திருந்தார். தீர்ப்புச் சொல்லக் கிளம்பிவிட்டால் வெளியாட்கள் யாரும் தன்னிடம் பேசக்கூடாது என்பது அவர் கொள்கை. சரி, நிலையத்தையே கேட்போம் என்று தன் அலுவலகத்துக்குப் போன் போட்டார். அங்கே எடுத்தவர் ஒன்றும் சொல்லாமல் ரிசீவரை ஒலிபெருக்கிப் பக்கம் திருப்பிவிட்டார்.

“...வந்து சேர வேண்டிய பேருந்து தாமதமாக வந்துகொண்டிருக்கிறது. தாமதத்துக்கு வருந்துகிறோம்.”

“எவ்வளவு நேரம் தாமதம்?” என்று கேட்டார்.

“தாமதத்துக்கு வருந்துகிறோம்.”

“அதான் எவ்வளவு நேரம்னு கேக்கறேன்.”

“பயணிகளின் கனிவான கவனத்துக்கு...”

போனை வைத்துவிட்டுப் பல்லைக் கடித்தார். “ஒரு விஷயத்தை உருப்படியாச் சொல்றானா பாரு.”

“ஊரே இத்தனை வருஷமா இதைத்தானே கேட்டுக்கிட்டு நிக்குது,” என்றார் மனைவி.

அந்தச் சமயத்தில் சுவருக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டு கணக்கு டியூஷன் டீச்சர்.

“சார், இது எப்ப நிக்கும்? பிள்ளைங்க எழுதற கோடெல்லாம் நடுங்குது.”

“மச்சான் வந்ததும் நின்னுடும் டீச்சர்.”

“மச்சான் எப்ப வருவார்?”

“பஸ் வந்ததும்.”

“பஸ் எப்ப வரும்?”

அவர் வாயைத் திறந்தார். சொல்ல வந்தது என்ன என்று எல்லோருக்கும் தெரிந்ததால் சொல்லாமல் மூடினார்.

டீச்சர் எதையும் வீணாக்காதவர். சோடா பாட்டிலை எட்டிப் பார்த்தார். பெட்ரோல் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. உள்ளே போனார். “ஒரு பாட்டிலில் உள்ள பெட்ரோல் இந்த வேகத்தில் தீர்கிறது. ஒரு பேருந்து அந்த வேகத்தில் வருகிறது. எது முதலில்?” என்று அவர் கேட்பது இங்கே கேட்டது. கொஞ்ச நேரத்தில் சுவர் வழியாக விடைகள் வந்தன. இருந்த பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விடை. ஒரு விடையின்படி பஸ் நேற்றே வந்துவிட்டது.

“நான் போய் பெட்ரோல் வாங்கிட்டு வரட்டுமா?” என்றாள் மகள்.

“நீ வர்றதுக்குள்ள தீர்ந்துடும்.”

“அப்ப என் ஸ்கூட்டர்ல இருந்து எடுத்துக்கோங்க.”

இதை அவள் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் ஸ்கூட்டர் மூடி திறந்து, குழாய் இறங்கி, அவர் வாயால் உறிஞ்சத் தொடங்கிவிட்டார். உறிஞ்சியதில் பாதி பாட்டிலுக்குப் போனது. மீதியை அவர் கொல்லை மூலையில் போய்த் துப்பிவிட்டு வந்தார். அதன் பிறகு அவர் பேசும்போதெல்லாம் மகள் நெருப்புப் பெட்டியை எடுத்து ஒளித்து வைத்தாள்.

ஒருவழியாக வாசலில் விசில் கேட்டது.

ரெஃப்ரி பையைக் கீழே வைக்காமல் நேராகப் பின்னறைக்கு வந்தார். இன்ஜினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். வருந்துகிறோம் விசிறிக்காற்றில் தலைமயிர் பறக்க, வெற்றி பெற்ற அணியின் தலைவர்போல நின்றார்.

“பாருங்க மச்சான். ஓடுது.”

“பார்க்கறேன் மாப்ளே. நிறுத்து.”

“என்னது?”

“நிறுத்து. நான் விசில் ஊதினப்புறம்தான் ஆட்டம் ஆரம்பம். அதுக்கு முன்னாடி போட்ட கோல் கணக்குல வராது. நீ எப்படி ஸ்டார்ட் பண்ணினேன்னு நான் பார்த்தேனா? யார் கண்டா, வெளில இருந்து ஆள் வெச்சிருக்கலாம்.”

“கண்ணு முன்னாடி ஓடினா போதும்னுதானே சொன்னீங்க?”

மஞ்சள் அட்டை பாதி வெளியே வந்தது. வருந்துகிறோம் குழாயைக் கழற்றினார். குழாயில் பெட்ரோல் நின்ற பிறகும் இன்ஜின் உள்ளே இருந்ததை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு இருமியது. பிறகு நின்றது. கொல்லை திடீரென்று பெரிதானதுபோல இருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை வாய்ப்பாடு சொல்வது கேட்டது.

குழாயைத் திரும்ப மாட்டினார். விசில் ஊதப்பட்டது.

அவர் மிதித்தார். ஒன்றுமில்லை. அவசர அவசரமாக மிதித்தார். கோபத்தில் மிதித்தார், கெஞ்சி மிதித்தார். கால் மாற்றி மிதித்தார். இன்ஜின் வாயைத் திறக்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ரெஃப்ரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“கூடுதல் நேரம் கொடுங்க மச்சான். தாமதத்துக்கு...”

“ஓடிக்கிட்டு இருக்கறதே கூடுதல் நேரம்தான் மாப்ளே.”

மனைவி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். வாயில் குண்டூசிகள், தோளில் அளவு டேப். அறை கிட்டத்தட்டக் கைக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றால் போதும். நிற்கத்தான் பார்த்தார். ஆனால் காலாலேயே பிழைக்கிற ஒருத்திக்கு, கண் முன்னால் ஒருவர் காலை இந்த லட்சணத்தில் பயன்படுத்துவதை எவ்வளவு நேரம்தான் சகிக்க முடியும்? கணவரின் ஒவ்வொரு மிதிக்கும் அவர் பாதம் செருப்புக்குள் தானாக அசைந்துகொண்டிருந்தது. கடைசியில் குண்டூசிகளைக் கையில் துப்பினார்.

“அட தள்ளுங்க. மிதிக்கறதா இது, கரப்பான்பூச்சி அடிக்கற மாதிரி?”

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிக்கர் மேல் காலை வைத்தார். மெதுவாக அழுத்தினார். எங்கே கொஞ்சம் தடுத்ததோ அங்கே நிறுத்தினார். அங்கிருந்து ஒரே அழுத்து.

டர்ர்ர்.

மகள் கையைத் தட்டிவிட்டு, யார் கட்சி என்று நினைவுக்கு வந்து நிறுத்தினாள். வருந்துகிறோம் பக்கெட் மேல் உட்கார்ந்தார். ரெஃப்ரி நீளமாக ஊதினார்.

“சேம் சைடு கோல். ஆனா கோல் கோல்தான், யார் கால்ல பட்டாலும் சரி. ரூம் மாப்ளைக்கு.”

வருந்துகிறோம் எழுந்தார். பலகையைத் தொட்டுக் கும்பிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பெரிய அறிவிப்பு ஒன்று வரப்போகிறது என்று தெரிந்தது. அதற்குள் மனைவி இன்ஜின் சத்தத்துக்கு மேல் குரல் கொடுத்தார்.

“சரி. நல்லா ஓடுது. எப்ப மாட்டப் போறீங்க?”

“எதை?”

“இன்ஜினை. வண்டியில. ஓடாத இன்ஜினுக்குத்தான் ரூம் வேணும். ஓடற இன்ஜினை யாராவது ரூமுக்குள்ள வெச்சிருப்பாங்களா? அதுக்குன்னு வெளில ஒரு வண்டி நிக்குதே, பூ எல்லாம் பூத்து.”

வருந்துகிறோம் அறையைப் பார்த்தார். பக்கெட்டைப் பார்த்தார். ஜெயித்ததில் ஏதோ ஒரு இடத்தில் தோற்றிருக்கிறோம் என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது, எந்த இடம் என்று பிடிபடவில்லை.

“ரூமை ஜென்மத்துக்கும் கேக்க மாட்டேன்னு சொன்னியே?”

“இப்பவும் கேக்கலீங்களே. ரூம் உங்களோடதுதான். நீங்க வண்டியில வெளில போயிட்டு வாங்க. நீங்க இல்லாத நேரத்துல மேசை இருந்தா உங்களுக்கென்ன?”

“மச்சான், இது செல்லுமா?”

ரெஃப்ரி வானத்தைப் பார்த்தார், மஞ்சள் அட்டையின் இரண்டு பக்கமும் பார்த்தார். தங்கச்சி காலைக் கொடுத்தது தாங்க முடியாமல் செய்த தவறா, கணக்குப் போட்டுச் செய்ததா என்று அவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்து நின்றது. தங்கச்சி குண்டூசிகளைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார், முகத்தில் அவற்றைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இதற்கென்று விதி எதுவும் இல்லை. ஆகவே ஆட்டம் முடிந்ததற்கான விசிலை ஊதிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

சாயங்காலம், இன்ஜின் ஆறிய பிறகு, ஒரு பக்கம் அப்பாவும் ஒரு பக்கம் மகளுமாகக் கோணிப்பையில் ஏந்தித் தூக்கினார்கள். ரெஃப்ரி கை கொடுக்கவில்லை, நடுவர் பந்தைத் தொடக்கூடாது. கொல்லைக் கதவைத் தாண்டுவதற்குள் மனைவி டேப்பை உருவிக்கொண்டு வந்துவிட்டார்.

“ஏங்க, இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க.”

“கையில இன்ஜின் இருக்கும்மா.”

“வாய் சும்மாதானே இருக்கு?”

அவர் டேப்பின் முனையைக் கவ்விக்கொண்டார். கோணியின் கனத்தில் முதுகு வளைந்தது. மனைவி டேப்பைப் பிரித்தபடியே நிதானமாக அறையின் மறுகோடிக்குப் போனார்.

“அசையாதீங்க,” என்று அங்கிருந்து குரல் வந்தது. “தாராளமா இருக்கு.”